பாட்டியின் பாட்டு யாருடைய சொத்து?

எங்கள் மல்லசமுத்திரம் பக்கத்தில் 'சாமி' என்ற சொல்லுக்கு இரண்டு வழக்குகள் இருந்தன. என் பாட்டி என்னை 'என்ற சாமி' என்று அழைத்துத் தலையைத் தடவுவார். அதே காலத்தில் எங்கள் நிலக்கடலைக் காட்டுக்குக் களை வெட்ட வந்த பெண்கள், என் தந்தையைவிட மூத்தவர்கள் உட்பட, அவரைச் 'சாமி' என்றே விளித்தனர். முன்னது கொஞ்சல், பின்னது அச்சம் கலந்த கட்டாயம். சிறுவனாக இருந்த எனக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டன. 2021 மார்ச் 7 அன்று வெளியான 'என்ஜாய் எஞ்சாமி' பாடலை என் பேத்தி கைப்பேசியில் போட்டுக் காட்டியபோது, அறுபதைக் கடந்த என் காதில் முதலில் விழுந்தது தாளம் அல்ல, அந்தச் சொல்தான்.

தீ என்ற பாடகியுடன் சேர்ந்து அதைப் பாடியவர், வரிகளை எழுதியவர் அறிவு. முழுப்பெயர் அறிவரசு கலைநேசன், ஊர் அரக்கோணம். பொறியியலும் மேலாண்மையும் படித்துவிட்டுப் பாட்டுக்கு வந்தவர். இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் 2017இல் உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் இடம்பெற்றார். பண்டிதர் அயோத்திதாசர் முன்வைத்த 'சாதியற்ற தமிழர்' என்ற அடையாளத்தைப் பெயரிலேயே தாங்கிய குழு அது. கானா, ராப், ராக் மூன்றும் ஒரே மேடையில் ஒலிக்க, 2018 ஜனவரியில் சென்னையில் அதன் முதல் நிகழ்ச்சி நடந்தது. அதே ஆண்டு 'காலா' படத்துக்கு அறிவு பாடல் எழுதினார். 2019இல் ஆஃப்ரோ என்ற இசையமைப்பாளருடன் இணைந்து 'தெருக்குரல்' என்ற தொகுப்பை வெளியிட்டார். திருக்குறளின் ஓசையை நினைவூட்டும் அந்தத் தலைப்பிலேயே ஒரு குறும்பு இருக்கிறது. 'மாஸ்டர்' படத்தின் 'வாத்தி ரெய்டு' அவரைத் தமிழகத்தின் எல்லாத் திருவிழா ஒலிபெருக்கிகளுக்கும் கொண்டு சென்றது.

ராப் என்றாலே முகம் சுளிக்கும் என் தலைமுறையினருக்கு இடையில் ஒரு வார்த்தை. உடுக்கையடித்து அண்ணமார் கதை பாடுபவர் பாட்டிலிருந்து பேச்சுக்கும், பேச்சிலிருந்து பாட்டுக்கும் மூச்சு விடாமல் தாவுவதை இரவெல்லாம் கேட்டு வளர்ந்த கொங்கு நாட்டுக்காரருக்கு ராப் அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை.

'என்ஜாய் எஞ்சாமி' தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்விலிருந்து பிறந்தது என்று அறிவு பலமுறை சொல்லியிருக்கிறார். வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துப் பின்னர் இந்தியா திரும்பியவர். அந்தப் பயணத்தின் பின்னணியைச் சற்றே விரித்துச் சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்தே தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் ஆள் பிடித்து இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். அப்படி ஆள் அனுப்பிய மாவட்டங்களுள் அன்றைய சேலமும் ஒன்று. 1869இல் பரவத் தொடங்கிய இலைத்துரு நோய் காப்பியை அழித்தது. அந்த மலைகளில் தேயிலை வந்தது. அதை வளர்த்தெடுத்த உழைப்பாளர்களை, சுதந்திர இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பமிட்ட உடன்படிக்கையின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. ஒரு மக்கள் கூட்டத்தைப் பாகப்பிரிவினைப் பத்திரம்போல் எழுதிய கணக்கு இது. முன்னோர் காடு திருத்திய மண்ணில் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு சாண் நிலமும் மிஞ்சவில்லை என்பதைத்தான் அந்தப் பாட்டு ஒப்பாரியும் துள்ளலும் கலந்து சொல்கிறது.

பாட்டு யூடியூபில் 40 கோடிப் பார்வைகளைக் கடந்தது. அதன்பின் நடந்தவைதான் பொருளியல் ஆசிரியனான என்னை இதை எழுத வைத்தன.

2021 ஆகஸ்ட்டில் ஓர் ஆங்கில இசை இதழின் அட்டையில் பாடகி தீயும் இன்னொரு பாடகரும் இடம்பெற்றனர், அறிவு இல்லை. அவர் மறைக்கப்படுகிறார் என்று பா. இரஞ்சித் வெளிப்படையாகவே கண்டித்தார். 2022 ஜூலை இறுதியில் சென்னையில் நடந்த செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் அந்தப் பாடலைப் பாடினர். அந்த மேடையிலும் அறிவு இல்லை. அவர் அப்போது அமெரிக்காவில் இருந்தார் என்பது இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் தரப்பின் விளக்கம். சில நாள்களில் அறிவு சமூக ஊடகத்தில் எழுதினார்: இது கூட்டு உழைப்புதான், ஆனால் மெட்டையோ ஒரு சொல்லையோ யாரும் தனக்குத் தரவில்லை என்றார். இசையமைத்தது தானே என்றும், அறிவு வரிகளை எழுதினார் என்றும், வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்றும் சந்தோஷ் நாராயணன் பதில் அளித்தார். 2024 மார்ச்சில் அவரே இன்னொன்றையும் சொன்னார்: பாட்டு வெளியாகி மூன்று ஆண்டுகளாகியும் தங்களுக்கு வருவாய் எதுவும் வந்து சேரவில்லை. பாடலை வெளியிட்ட மாஜ்ஜா நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது.

இவர்களில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் முன்வரவில்லை. இந்தப் பூசல் ஏன் இந்த வடிவத்தில் எழுந்தது என்பதுதான் என் கேள்வி. விடை நம் பதிப்புரிமைச் சட்டத்திற்குள்ளேயே இருக்கிறது.

நம் காதுக்கு ஒன்றாகக் கேட்கும் பாட்டை, 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் மூன்று சொத்துகளாகப் பார்க்கிறது. வரிகள் இலக்கியப் படைப்பு. அதன் ஆசிரியர் பாடலாசிரியர். மெட்டு இசைப்படைப்பு, வரிகள் அதில் அடங்கா என்று சட்டமே சொல்கிறது. ஒலிப்பதிவு மூன்றாவது, அதன் 'ஆசிரியர்' பாடியவரோ வாசித்தவரோ அல்லர், பதிவைத் தயாரித்தவர். பாடகருக்கு உள்ளது நிகழ்த்துநர் உரிமை என்ற தனி வகை.

எங்கள் ஊர் விசைத்தறிக்காரருக்கு இதைப் புரிய வைப்பது எளிது. ஜவுளி உற்பத்தியாளர் பாவும் நூலும் கொடுப்பார், தறிக்காரர் கூலிக்கு நெய்து கொடுப்பார், துணி உற்பத்தியாளருடையது. அது எத்தனை முறை கைமாறினாலும், எந்த விலைக்குப் போனாலும், தறிக்காரருக்குக் கூலி ஒரு முறைதான். தமிழ்த் திரைப்பாடல் நெடுங்காலம் இப்படித்தான் நெய்யப்பட்டது. 1977இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. தயாரிப்பாளர் பணம் கொடுத்துப் படத்துக்காக எழுதவும் இசையமைக்கவும் வைத்தால், மாறான ஒப்பந்தம் இல்லாத நிலையில் முதல் உரிமையாளர் அவரே என்பது தீர்ப்பு. அந்த அமர்வில் இருந்த நீதிபதி கிருஷ்ணய்யர், பாடுபவருக்குச் சட்டத்தில் இடமே இல்லாததைச் சுட்டிக்காட்டித் தனியே ஒரு குறிப்பு எழுதினார். நாடாளுமன்றம் அதைச் சரிசெய்ய நெடுங்காலம் எடுத்துக்கொண்டது.

2012ஆம் ஆண்டுத் திருத்தம்தான் பெரிய மாற்றம். அப்போது மாநிலங்களவை உறுப்பினராக இருந்த பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் இதற்காக வாதாடினார். திரையரங்கில் படத்தோடு ஒலிப்பது நீங்கலாக, மற்றப் பயன்பாடுகளில் கிடைக்கும் உரிமைத்தொகையில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சமபங்கு உண்டு. அந்த உரிமையை அவர்களே விரும்பினாலும் விட்டுக்கொடுக்க முடியாது என்று அது விதித்தது. படத்தில் சேராத தனிப்பாடல்களுக்கும் இது பொருந்தும். வறுமையில் இருப்பவர் முன்பணத்துக்காக எதிலும் ஒப்பமிடுவார் என்பதைப் புரிந்துகொண்டு எழுதப்பட்ட விதி. பொருளியலில் பேர வலிமைச் சமனின்மை என்று நாங்கள் பக்கம் பக்கமாகக் கற்பித்ததை ஒரே விதியில் அடக்கிவிட்டார்கள்.

இந்த மூன்று கூறுகளுக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்கு அமெரிக்காவின் டெய்லர் ஸ்விஃப்ட் சாட்சி. கன்ட்ரி பாப் எனப்படும், அந்நாட்டுக் கிராமிய இசையும் துள்ளிசையும் கலந்த வகையில் தானே எழுதிப் பாடத் தொடங்கியவர் அவர். முதல் தொகுப்பு 2006இல் வெளிவந்தபோது வயது 16. முதல் ஆறு தொகுப்புகளின் ஒலிப்பதிவு உரிமை நிறுவனத்திடம் இருந்தது. 2019இல் அந்த நிறுவனத்தை வேறொருவர் வாங்கினார், உரிமையும் கூடவே போனது. ஆனால் வரியும் மெட்டும் அவருடையவை. ஆகவே 2021 முதல் அந்தத் தொகுப்புகளுள் நான்கை மறுபடி பாடிப் பதிவுசெய்து வெளியிட்டார். ரசிகர்கள் புதிய பதிவுகளின் பக்கம் திரும்பினர். 2025 மே மாதம் பழைய பதிவுகளையும் விலைகொடுத்து மீட்டுவிட்டார். துணியை வாங்கிக்கொண்டு போனாலும் தறியும் நூலும் தன்னிடமே இருந்த நெசவாளி என்று அவரைச் சொல்லலாம். அவ்வளவு பணமும் ரசிகர் படையும் எத்தனை பேருக்கு வாய்க்கும் என்பது வேறு கேள்வி.

நம் ஊர்ச் சிக்கல் இன்னும் ஆழமானது. வரி வேறு, மெட்டு வேறு என்ற சட்டத்தின் பகுப்பு, மெட்டு முதலில் வந்து சொல் பின்னால் வரும் திரைப்பட வழக்கத்துக்குப் பொருந்தும். ஒப்பாரிக்கோ தாலாட்டுக்கோ ராப்புக்கோ அது பொருந்துவதில்லை. இழவு வீட்டில் மாரடித்து அழுபவருக்குச் சொல் வரும்போதே இழுவையும் வருகிறது. எது முதல் என்று அவராலேயே சொல்ல முடியாது. ராப் பாடகரின் சொல்லடுக்கே அவருடைய தாளம். அப்படி ஒருவர் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்து, அங்கே தாளக்கட்டும் ஒலியமைப்பும் சேர்ந்து ஒரு பாட்டு உருவானால், 'இசையமைத்தவர்' யார்? இரு தரப்பும் தத்தம் அனுபவத்தில் உண்மையே பேசுகின்றன என்று கொண்டாலும் சண்டை வரத்தான் செய்யும். இதை எழுத்தில் முன்கூட்டியே தீர்த்துக்கொள்ளும் பழக்கம் நம் இசையுலகில் இன்னும் வேரூன்றவில்லை.

இத்தனை உரிமைகளில் எதிலும் வள்ளியம்மாள் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அவர் எழுதவில்லை, இசையமைக்கவில்லை, தயாரிக்கவில்லை. அவருடைய வாழ்க்கையும் வழிவழி வந்த ஒப்பாரிச் சொல்லும் சட்டத்தின் பார்வையில் யாருக்கும் சொந்தமில்லாத புறம்போக்கு. பேரன் அந்தக் கடனை உணர்ந்திருக்கிறார். 2024இல் வெளியிட்ட தன் தொகுப்புக்கு 'வள்ளியம்மா பேராண்டி' என்றே பெயரிட்டார். எல்லாப் பாட்டிகளுக்கும் அப்படிப் பேரன் அமைவதில்லை.

எங்கள் ஊருக்கு அருகே ஒப்பாரி பாடும் மூதாட்டி ஒருவர் இருக்கிறார். இளமையில் பருத்தி எடுக்கவும் கடலை பறிக்கவும் போனவர். சாவு வீட்டுக்கு அழைத்துப்போய் இரவு முழுக்கப் பாட வைத்து அனுப்புவார்கள். கூலி பேசியபடி சில நேரம் கிடைக்கும், சில நேரம் குறையும். வெளியூர் இளைஞர்கள் சிலர் வந்து அவர் பாடியதைக் கைப்பேசியில் பதிந்து இணையத்தில் ஏற்றினார்கள். பார்வையாளர் எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டியதை அவருடைய பேரன்தான் எனக்குக் காட்டினான். உங்களுக்கு ஏதாவது கொடுத்தார்களா அம்மா என்று கேட்டேன். "பேரக் கேட்டாங்க சாமி, சொன்னேன். அவ்வளவுதானுங்க" என்றார். அந்தக் காணொளியில் அவர் பெயரும் இல்லை. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர் என்னைச் 'சாமி' என்றது எந்த வழக்கில் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

அவர் பாடியதில் பாதி அவரே கட்டியது. யார் இறந்தாரோ அவருடைய தொழிலையும் குணத்தையும் வைத்து அந்த இடத்திலேயே புதிதாகச் சொல் கோப்பவர். அந்தப் பாதிக்குச் சட்டப்படி அவர் ஆசிரியர், பாடியதற்கு நிகழ்த்துநர். நிகழ்த்துநராகப் பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்ற உரிமையும் 2012 திருத்தத்தில் இருக்கிறது. பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் உரிமைத்தொகை வசூலித்துத் தருவதற்கென்றே 1969 முதல் இயங்கிவரும் இந்திய நிகழ்த்துரிமைச் சங்கம் மும்பையில் இருக்கிறது. அதன் உறுப்பினர் படிவத்தை நிரப்பும் வழி அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் தமிழ்நாட்டில் உள்ளது. அடையாள அட்டையும் உதவித்தொகையும் வழங்கும் அந்த வாரியம், உறுப்பினர்கள் சொந்தமாகக் கட்டிய பாட்டுகளைப் பதிந்து, கட்டியவர் பெயரும் தேதியும் இட்டு, மும்பைச் சங்கத்தில் அவர்களைச் சேர்த்துவிடும் வேலையையும் ஏற்கலாம். மாவட்டத்துக்கு ஓர் ஒலிப்பதிவுக் கருவியும், படிவம் நிரப்பத் தெரிந்த இரண்டு பட்டதாரிகளும் போதும். நாமக்கல்லில் தொடங்குவதானால் முதல் பதிவுக்கு அந்த அம்மாவை அழைத்துவரும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.