சாலையில் அறிவியல் – 17: மூன்றாவது கால்

மேட்டில் நிற்கும் காரின் பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் அதைப் பின்னால் இழுப்பது அதன் சொந்த எடைதான். 1000 கிலோ எடையுள்ள ஒரு கார், நூறு அடிக்குப் பத்து அடி உயரும் சாலையில் நிற்கிறது என்றால், ஏறத்தாழ 100 கிலோ விசை அதை இடைவிடாமல் கீழே இழுத்துக்கொண்டிருக்கிறது. தடுக்க ஒன்றும் இல்லாவிட்டால் முதல் நொடியில் அது ஒன்றரை அடி பின்னால் போகும். இரண்டாவது நொடி முடியும்போது ஆறு அடியைத் தாண்டியிருக்கும். சிக்னலில் நம் ஊரில் பின்னால் நிற்பவர் விடும் இடைவெளி அவ்வளவு இருப்பதில்லை.

அந்த இரண்டு நொடிக்குள் என்ஜின் சுமையை ஏற்றுக்கொள்ள வேண்டும். சிக்கல் அங்கேதான். பெட்ரோல், டீசல் என்ஜின்கள் நின்ற நிலையில் எதையும் இழுக்க மாட்டா. நிமிடத்துக்கு 700, 800 சுற்றாவது சுற்றிக்கொண்டிருந்தால்தான் அவற்றுக்கு உயிர். சக்கரமோ அசையாமல் நிற்கிறது. சுற்றும் என்ஜினையும் நிற்கும் சக்கரத்தையும் உரசவிட்டு மெல்ல இணைக்கும் வேலை கிளட்சுடையது. சட்டென்று இணைத்தால் வண்டி ஆஃப் ஆகிவிடும். தயங்கினால் பின்னால் போகும். இடது கால் கிளட்சில் இருக்கிறது. பிரேக்குக்கும் ஆக்ஸிலரேட்டருக்கும் சேர்த்து இருப்பது ஒரே வலது கால். மேட்டில் கிளப்பும்போது மட்டும் ஓட்டுநருக்கு ஒரு கால் குறைகிறது. இதற்காகக் கண்டுபிடிக்கப்பட்ட எல்லாமே அந்த மூன்றாவது காலின் வேலையைச் செய்பவைதாம்.

ஹேண்ட் பிரேக் அவற்றில் எளிமையானது. அதை இழுத்து வைத்து, முதல் கியரில் கொஞ்சம் ரேஸ் கொடுத்து, கிளட்சை மெதுவாக விட வேண்டும். ஓரிடத்தில் என்ஜின் சத்தம் கனத்து இறங்கும். முன்சக்கரம் இழுக்கும் காராக இருந்தால் பானெட் லேசாகத் தூக்கும். கிளட்ச் பிடித்துவிட்டது என்று அர்த்தம். அப்போது ஹேண்ட் பிரேக்கை இறக்கினால் வண்டி ஒரு விரற்கடைகூடப் பின்வாங்காது. பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கிறது. மேடு நோக்கி நிற்கும்போது எடையின் ஒரு பங்கு பின்பக்கம் சாய்வதால் அந்தச் சக்கரங்கள் சாலையில் இன்னும் அழுத்தமாக ஊன்றுகின்றன. அதே காரணத்தால் முன்சக்கரங்களின் பிடிப்பு குறைகிறது. மழையில் நனைந்த மேட்டில், முன்சக்கர இழுவைக் கார்கள் ஏற முடியாமல் டயரைச் சுழலவிடுவது இதனால்தான். பின்சக்கரம் தள்ளும் பழைய அம்பாசடருக்கு இந்தத் தொல்லை குறைவு.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 15ஆம் விதி இந்தத் திறமையை ஓட்டுநர் தேர்வின் ஒரு பகுதியாகவே வைத்திருக்கிறது. செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளப்பிக் காட்ட வேண்டும். எட்டுப் போட்டுக் காட்டுவதோடு தேர்வு முடிந்துவிடும் இடங்களில் இது ஏட்டோடு சரி.

ஹேண்ட் பிரேக்கைத் தொடாமல் ஹாஃப் கிளட்சிலேயே வண்டியை மேட்டில் நிறுத்தி வைப்பதைப் பலர் சாமர்த்தியமாக நினைக்கிறார்கள். அதற்கான விலையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மேலே சொன்ன காரை அதே மேட்டில், என்ஜின் 1500 சுற்றில் ஓட, கிளட்சால் மட்டும் தாங்கிப் பிடித்தால் சுமார் 3 கிலோவாட் சக்தி முழுவதும் கிளட்ச் தட்டில் வெப்பமாகிறது. மூன்று இஸ்திரிப் பெட்டிகளை ஒரே சமயத்தில் அந்தத் தட்டின் மேல் வைத்ததற்குச் சமம். நெரிசலான மலைப்பாதையில் மூக்கைத் துளைக்கும் தீய்ந்த வாடைக்குப் பிறப்பிடம் அதுதான்.

தொடக்க காலக் கார்களில் நிலைமை இன்னும் மோசம். அன்றைய பிரேக், ஓர் உருளையைச் சுற்றிய பட்டை. பட்டையின் ஒரு முனை வண்டியோடு கட்டப்பட்டிருக்கும். மறுமுனையை ஓட்டுநர் இழுப்பார். வண்டி முன்னால் போகும்போது உருளையின் சுழற்சியே பட்டையை மேலும் இறுக்கும். பின்னால் உருளும்போது அதே சுழற்சி பட்டையைத் தளர்த்திவிடும். முன்னோக்கி மட்டும் பிடிக்கும் பிரேக்கை நம்பி மேடு ஏற முடியாதல்லவா? அதனால் வண்டிக்கு அடியில் கீல் வைத்த ஒரு தடியைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஏற்றம் வந்தால் ஓட்டுநர் கயிற்றைத் தளர்த்துவார். தடியின் கூர்முனை தரையில் இழுபட்டபடி வரும். வண்டி பின்வாங்கினால் அது மண்ணில் குத்தி நிற்கும். நேரத்தில் இறக்காவிட்டால் மட்டும் ஆபத்து: வேகமெடுத்த வண்டி தடியின் மேலேயே ஏறிவிடும். இரு திசையிலும் பிடிக்கும் பிரேக்குகள் வந்ததும் தடி மறைந்தது. பாரம் ஏற்றிய லாரி மேட்டில் நின்றால் கிளீனர் குதித்து இறங்கிப் பின்டயருக்குக் கட்டை கொடுப்பது அதே உபாயம்தான். குறுகலான மலைச் சாலையில் இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று சாலை ஒழுங்குமுறைகள் சொல்வதும் இந்தச் சிரமத்தைத் தெரிந்துதான்.

காரின் உள்ளேயே ஒரு மூன்றாவது காலைப் பொருத்தியதில் பெயர் பெற்றது, அமெரிக்காவில் சவுத் பெண்ட் நகரில் இருந்த ஸ்டூடிபேக்கர் நிறுவனம். குதிரை வண்டி செய்து வளர்ந்த அந்த நிறுவனம் 1936-இல் தன் பிரெசிடென்ட் காரில் ‘ஹில் ஹோல்டர்’ என்ற கருவியைக் கொண்டுவந்தது. பிரேக் ஆயில் போகும் வழியில் ஒரு சிறிய அறை. அதற்குள் ஓர் இரும்புக் குண்டு. சமதளத்தில் குண்டு வழியை விட்டு விலகியிருக்கும். காரின் மூக்கு மேல்நோக்கியிருந்தால் அது பின்னால் உருண்டு ஆயில் திரும்பும் துளையில் உட்கார்ந்துகொள்ளும். பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலும் அழுத்திய ஆயில் திரும்ப முடியாது. சக்கரங்கள் பிடித்தபடியே நிற்கும். கிளட்ச் பெடலோடு இணைந்த ஒரு நெம்புகோல், கிளட்ச் மேலே வரும்போது குண்டைத் தள்ளிவிட்டு வழியைத் திறக்கும். அதாவது என்ஜின் பிடிக்கத் தொடங்கும் அதே கணத்தில் பிரேக் விடும்.

மின்சாரமோ கணினியோ இல்லாமல் சரிவை உணரவும், தடுக்கவும், விடவும் ஒரு குண்டு போதுமாயிருந்தது. இந்தத் துறையில் இதைவிட அழகான யோசனை பின்னர் வரவில்லை என்றே சொல்லலாம். ஆனால் நெம்புகோலைச் சரியாக முடுக்கி வைக்க வேண்டும். சீக்கிரம் திறந்தால் வண்டி உருளும். தாமதித்தால் பிரேக் பிடித்தபடியே இழுக்கும். கிளட்ச் தட்டு தேயத் தேய இந்த அளவும் மாறும். மேட்டில் ரிவர்ஸ் ஏறுபவருக்குக் குண்டால் பயனில்லை. மூக்கு கீழ்நோக்கியிருப்பதால் அது மறுபக்கம் போய்விடும். பல ஆண்டுகள் கழித்து ஜப்பானின் சுபாரு, கிளட்சிலிருந்து கேபிள் இழுத்து இதே உத்தியைத் தன் மேனுவல் கியர் கார்களில் பயன்படுத்தியது.

கிளட்ச் பெடல் இல்லாத ஆட்டோமேட்டிக் கார்களில் விஷயம் வேறு. டார்க் கன்வெர்ட்டர் உள்ள காரில் என்ஜின் ஒரு விசிறியைச் சுழற்றி ஆயிலை எறிகிறது. அந்த ஆயில் எதிரே உள்ள விசிறியைத் தள்ளுகிறது. உரசும் தட்டுகள் இல்லாததால் நின்ற நிலையிலும் முன்னோக்கிய தள்ளுதல் இருந்துகொண்டே இருக்கும். சிறு மேடுகளில் அதுவே வண்டியைத் தாங்கும்; செங்குத்தான மேட்டில் அதுவும் தோற்கும். இந்தியாவில் 2014-இல் மாருதி செலேரியோவோடு பரவலான ஏ.எம்.டி. கார்களில் இருப்பது சாதாரண கிளட்ச்தான். அதை இயக்குவது மட்டும் இயந்திரம். ஹில் ஹோல்ட் வசதி இல்லாத ஏ.எம்.டி. கார் மேட்டில் பின்னால் போகவே செய்யும். ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்து நிறுத்திப் பிடித்தால் ஹாஃப் கிளட்சின் அதே மூன்று இஸ்திரிப் பெட்டிக் கணக்குதான். மிதிப்பவருக்குத் தெரியாமல் நடக்கிறது, அவ்வளவே.

இன்றைய கார்களின் ஹில் ஹோல்ட், வேறொரு கருவியோடு கிடைத்த உபரி. வழுக்கும் காரைக் கட்டுக்குள் கொண்டுவர போஷும் மெர்சிடிஸ் பென்ஸும் 1995-இல் ஈ.எஸ்.பி.யைக் கொண்டுவந்தன. ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக்கையும் தனித்தனியே இயக்க அதில் வால்வுகள் உண்டு. காரின் நீளவாக்கில் சரிவை அளக்கும் உணரியையும் சேர்த்துவிட்டால், மற்றதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். பிரேக் மிதித்திருக்கும்போதே வால்வு மூடி ஆயில் அழுத்தத்தைச் சிறைப்பிடிக்கிறது. 1936-இன் குண்டு செய்த வேலையை இங்கே செய்வது மின்வால்வு. எந்தக் கியர் என்பதும் கணினிக்குத் தெரிவதால் ரிவர்ஸ் ஏற்றத்திலும் இது வேலை செய்யும். என்ஜினின் இழுவை போதுமான அளவு வந்ததும் பிரேக் படிப்படியாக விடும்.

பெரும்பாலான கார்களில் இந்தப் பிடி நீடிப்பது ஏறத்தாழ 2 நொடிதான். வலது கால் பிரேக்கிலிருந்து ஆக்ஸிலரேட்டருக்குப் போகும் நேரம் அது. வேண்டுமென்றே அவ்வளவோடு நிறுத்தியிருக்கிறார்கள். பார்க்கிங் பிரேக் என்று நினைத்து இறங்கிப் போனால் கார் தன் வழியே போய்விடும். நீண்ட நேரம் பிடித்து வைக்கும் ஆட்டோ ஹோல்ட் தனி வசதி. எலெக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் உள்ள கார்களில் பெரும்பாலும் அது சேர்ந்தே வருகிறது.

மின்சாரக் காரில் இந்தச் சிக்கலின் வேரே இல்லை. மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு இழுவையைத் தரும், கிளட்சும் தேவையில்லை. இருந்தும் மேட்டில் அதை மோட்டாராலேயே பிடித்து நிறுத்தி வைப்பது நல்லதல்ல. சுழலாத மோட்டாரில் மின்னோட்டம் ஒரே சுருளில் குவிந்து, அதுவும் அதை இயக்கும் மின்னணுப் பகுதியும் சூடேறும். ஆகவே வண்டி நின்றதும் வேலையைப் பிரேக்கிடம் ஒப்படைத்துவிடும்படி பல மின்சாரக் கார்களை அமைத்திருக்கிறார்கள். ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதும் மோட்டார் முதலில் சுமையை ஏற்கும். பிரேக் அதன் பிறகு விடும்.

(தொடரும்)