மண்புழுவைப் பார்த்திருந்த 44 ஆண்டுகள்

ஒரே தூண்டல் மாற்றமின்றித் திரும்பத் திரும்ப வரும்போது மூளை அதற்குக் காட்டும் எதிர்வினை படிப்படியாகக் குறைந்துவிடுவதை உளவியலாளர் ‘பழக்கமாதல்’ என்பர். மின்விசிறியின் ஓசை சிறிது நேரத்தில் காதில் விழாமற் போவதும், நாள்தோறும் கடந்து செல்லும் வேம்பு பூத்து உதிர்ந்ததே தெரியாமற் போவதும் இதன் விளைவுகளே. புதிதாகத் தோன்றுவதையும் ஆபத்தானதையும் உடனே இனங்காண இவ்வியல்பு உயிர்களுக்குப் பெரிதும் உதவுகிறது. எனினும் இதனால் மனிதர் இழப்பது சிறிதன்று, ஏனெனில் எப்போதும் அருகிலிருப்பவையே முதலில் பார்வைக்குத் தப்புகின்றன. பழகிப்போன ஒன்றை மீண்டும் புதிதாகப் பார்க்கப் பயில முடியும் என்பதற்கு, சார்லஸ் டார்வின் மண்புழுவின்மேல் வைத்த கவனத்தைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

பீகிள் கப்பலில் உலகைச் சுற்றித் திரும்பிய மறு ஆண்டில், 1837இல், டார்வின் இலண்டன் புவியியல் சங்கத்தில் ஒரு கட்டுரை படித்தார். தாய்மாமன் நிலத்தில் சில ஆண்டுகளுக்கு முன் தூவப்பட்ட சுண்ணாம்பும் எரிந்த கரித்துண்டுகளும் புல்லுக்குச் சில அங்குலம் கீழே தனிப் படலமாகக் கிடந்ததையும், மண்ணை விழுங்கி எச்சமாக மேலே தள்ளும் மண்புழுக்களே அவற்றைப் புதைத்திருக்க வேண்டும் என்பதையும் அதில் அவர் எடுத்துரைத்தார். இத்துணைச் சிறிய, வலுவற்ற உயிர் அவ்வளவு பெரிய வேலையைச் செய்யுமா என்று ஐயுற்றவர்களும் இருந்தனர்.

1842இல் கென்ட் பகுதியின் டவுன் சிற்றூரில் குடியேறிய டார்வின், வீட்டருகே ஒரு வயலில் சுண்ணக்கட்டித் துண்டுகளைப் பரப்பச் செய்து, 29 ஆண்டுகள் கழித்து 1871இல் அங்கே குழி வெட்டிப் பார்த்தபோது, வெண்ணிறத் துண்டுகள் ஏறத்தாழ 7 அங்குல ஆழத்தில் வரிசையாகக் கிடந்தன. இடைப்பட்ட காலத்தில்தான் ‘உயிரினங்களின் தோற்றம்’ (1859) வெளிவந்து உலகையே விவாதத்தில் ஆழ்த்தியது. அந்த ஆரவாரத்துக்கு நடுவிலும் ஒரு வயலின் அடிமண்ணைப் பற்றிய வினா அவர் மனத்தில் அணையாமல் இருந்தது என்பதே இவ்வரலாற்றில் மிகவும் போற்றத்தக்க செய்தி.

முதுமையில் அவர் கவனம் இன்னும் நெருங்கிச் சென்றது. மண் நிரப்பிய தொட்டிகளில் புழுக்களை வளர்த்து, அவற்றின் அருகே ஊதலும் பசூன் என்னும் பெரிய குழலும் ஒலிக்கச் செய்தார்; புழுக்கள் அசையவில்லை. தொட்டிகளைப் பியானோவின் மேலேயே வைத்து ஒரு சுரத்தை அழுத்தியதும் அவை வளைக்குள் பதுங்கின. ஆகவே காற்றில் வரும் ஒலியை அவை கேட்பதில்லை, திடப்பொருளின் வழியே வரும் அதிர்வையே உணர்கின்றன என்று தெளிந்தார். புழுக்கள் இலைகளை வளைக்குள் இழுக்கும்போது பெரும்பாலும் எளிதில் நுழையும் கூர்முனையையே பற்றுவதைக் கண்டு, இது தற்செயலா என்று அறியக் காகிதத்தை முக்கோணங்களாக வெட்டிப் போட்டார். இழுக்கப்பட்ட 303 முக்கோணங்களில் 62 விழுக்காடு கூர்முனையால் இழுக்கப்பட்டிருந்தன. கண்ணும் காதும் இல்லாத அவ்வுயிருக்கும் ஓரளவு அறிவு உண்டு என்னும் முடிவுக்கு வர அவர் தயங்கவில்லை. 1877இல் ஸ்டோன்ஹெஞ்ச் என்னும் தொல்கல் வட்டத்துக்குச் சென்றபோதும் விழுந்து கிடந்த கற்கள் எவ்வளவு புதைந்துள்ளன என்றே ஆராய்ந்தார். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஆண்டுதோறும் ஒரு ஏக்கரில் 10 டன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் உடல்வழியே மேலே வருகிறது என்னும் கணிப்புடன் அவருடைய இறுதி நூல் 1881இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அவர் காலமானார்.

பழகியதைப் புதிதாகப் பார்க்க உதவும் விழிப்புநிலைப் பயிற்சி இக்காலத்தில், அதாவது நிகழ்கணத்தில் உள்ளதை மதிப்பிடாமல் முழுமையாக உணரும் பயிற்சி, மருத்துவமனைகளிலும் கற்பிக்கப்படுகிறது. அமெரிக்காவில் 1979இல் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய மன அழுத்தக் குறைப்புத் திட்டத்தில், ஓர் உலர்திராட்சையைப் பார்த்து, தொட்டு, முகர்ந்து, பின்னர் மெல்ல மென்று உண்பது ஒரு பாடம். மனத்தை அமைதிப்படுத்த இது துணைசெய்யக்கூடும். ஆனால் வியப்பு நீடிப்பதற்கு அமைதி மட்டும் போதாது. பார்த்ததிலிருந்து ஒரு வினா எழவேண்டும், அவ்வினாவுக்கு விடை தேடும் பொறுமையும் வேண்டும்.

டார்வின் நூலுக்குப் பத்தாண்டுகளுக்குப் பின், 1891இல் வெளிவந்த பெ. சுந்தரம் பிள்ளையின் ‘மனோன்மணீயம்’ நாடகத்தில் நடராசன் என்பவன் வயல்வெளியில் நாங்கூழ்ப் புழுவை (மண்புழுவை) விளித்துப் பேசி, உழவர்க்கெல்லாம் மேலான உழைப்பாளியாக அதைப் போற்றுகிறான். காதலும் சூழ்ச்சியும் போரும் நிறைந்த நாடகத்தில் ஒரு புழுவுக்கு இடமளித்த அப்புலவரின் பார்வை தமிழுக்குப் பெரும் பேறு. மழைக்குப் பின் வரப்புகளிலும் தோட்டங்களிலும் காணும் சிறு மண்குவியல்கள் அந்த நாங்கூழின் எச்சமே. ஒரு சதுர கெசப் பரப்பில் சேரும் இவ்வெச்சத்தை ஓராண்டு முழுவதும் சேகரித்து, உலர்த்தி, நிறுத்துப் பார்ப்பது டார்வினின் கணிப்புக்கு அடிப்படையாக இருந்த முறைகளுள் ஒன்று. அதற்குத் தேவைப்படும் கருவி ஒரு தராசு மட்டுமே.