கிட்டாருக்கு சப்வூஃபர்: பக்கத்து வீட்டுக் கட்டில் சொன்ன பதில்

"தம்பி, நீ வாசிக்கிற பாட்டு எனக்குக் கேக்கவே இல்ல. ஆனா கட்டில் மட்டும் உறுமுது."

பக்கத்து வீட்டு அண்ணன் வாசலில் நின்று இதைச் சொன்னபோது காலை பதினொரு மணி. அவருக்கு அது நடுராத்திரி. ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் நைட் ஷிஃப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிப் படுத்து மூன்று மணி நேரம்கூட ஆகியிருக்காது. மறைமலை நகரில் இது சகஜம். எங்கள் தெருவில் எந்த நேரத்திலும் யாராவது ஒருத்தர் தூங்கிக்கொண்டுதான் இருப்பார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அதற்கு இந்தப் பக்கம் நான், என் எலெக்ட்ரிக் கிட்டார், புதிதாக வாங்கிய பவர்டு சப்வூஃபர்.

மன்னிப்புக் கேட்டுவிட்டு உள்ளே வந்தேன். ஆனால் அவர் சொன்னது மண்டையைக் குடைந்தது. பாட்டு கேட்கவில்லை, கட்டில் உறுமுகிறது என்றால், அந்த உறுமல் நிஜமாகவே கிட்டாரிலிருந்து வந்ததா? இரண்டு வாரம் நோண்டிப் பார்த்ததை இங்கே எழுதி வைக்கிறேன். (தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலையடிகள் பெயர் கொண்ட ஊரில் உட்கார்ந்து 'சப்வூஃபர்' என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

எதற்கு வாங்கினேன்?

வீட்டில் சத்தம் குறைத்து வாசித்தால் கிட்டார் சப்பையாகக் கேட்கிறது. இது ஆம்பின் குற்றமில்லை, காதின் குணம். பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-ல் வெளியிட்ட அளவீடுகளே இதைக் காட்டின: ஒலி குறையக் குறைய, கீழ் அதிர்வெண்கள்தான் நம் காதுக்கு முதலில் காணாமல் போகும். சரி, கீழே கொஞ்சம் சேர்த்துக்கொள்வோமே என்று ஹோம் தியேட்டர் செட்டிலிருந்து பிரிந்து வந்த ஒரு 10 அங்குல சப்வூஃபரை வாங்கினேன். உள்ளேயே ஆம்ப் இருப்பதால் 'பவர்டு'. எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே மட்டும் வாசிக்க வேண்டும் என்பதற்கு கிராஸ்ஓவர் என்று ஒரு குமிழ்.

கிட்டார் எவ்வளவு கீழே இறங்கும்?

வழக்கமான டியூனிங்கில் ஆறாவது கம்பி, அதாவது கீழ் E, 82.4 ஹெர்ட்ஸ். அடுத்த A 110. அதற்கடுத்த D சுமார் 147. கிட்டாருக்கென்றே செய்த ஸ்பீக்கர்களும் இதற்கேற்றபடிதான் இருக்கும். பிரபலமான செலஸ்டியன் விண்டேஜ் 30-ன் வீச்சு 70-லிருந்து 5000 ஹெர்ட்ஸ் வரை. என் ஆம்ப் மாதிரி பின்பக்கம் திறந்த பெட்டியாக இருந்தால், ஸ்பீக்கரின் பின்னலை முன்னுக்கு வந்து கீழ் ஒலியைக் கொஞ்சம் தின்றுவிடும்.

ஆனால் அது பெரிய நஷ்டமில்லை. கோயில் திருவிழாவில் புனல் ஸ்பீக்கர் கேட்டிருப்பீர்கள். அதில் அடி அதிர்வெண்கள் கிட்டத்தட்ட வராது. ஆனாலும் பாட்டின் பேஸ் நமக்குப் புரிகிறது, ஆண் குரல் ஆண் குரலாகவே கேட்கிறது. அடிப்படை அதிர்வெண் இல்லாவிட்டாலும், அதன் மடங்குகளை வைத்து மூளை அந்த ஸ்வரத்தைக் கட்டிக்கொள்ளும். எலெக்ட்ரிக் கிட்டாரின் குணமும் பெரும்பாலும் இந்த மடங்குகளில்தான் இருக்கிறது.

நேராக மாட்டிப் பார்த்தது

மல்ட்டி எஃபெக்ட்ஸில் இரண்டு அவுட். ஒன்றை ஆம்புக்கும் மற்றதை சப்வூஃபரின் லைன் இன்னுக்கும் கொடுத்தேன். (ஆம்பின் ஸ்பீக்கர் அவுட்டை லைன் இன்னில் சொருகவே கூடாது. வால்வு ஆம்ப் என்றால் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஓட்டவும் கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடலாம்.)

கிராஸ்ஓவரை 80-ல் வைத்தேன். E அடித்தால் அறை அதிர்ந்தது. A அடித்தால் ஒன்றுமில்லை. காரணம் மேலே இருக்கும் எண்கள்தான்: 80-ஐ ஒட்டி ஒன்றிரண்டு ஸ்வரங்கள் மட்டும் எட்டிப்பார்க்கின்றன. குமிழை 120-க்கு ஏற்றினால் வேறு தலைவலி. 80-லிருந்து 120 வரை ஆம்பும் வாசிக்கிறது, சப்வூஃபரும் வாசிக்கிறது. நம்ம ஊர் வெயிலில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 350 மீட்டர். 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் மூன்றரை மீட்டர். காதிலிருந்து சப்வூஃபர் ஆம்பை விட அதில் பாதி, அதாவது ஆறடிக்குக் கொஞ்சம் கீழே, தள்ளி இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். பேஸ் சேர்க்கப்போய் இருந்ததும் போச்சு! சப்வூஃபரை ஆம்புக்குப் பக்கத்திலேயே வைத்து, பின்னால் இருக்கும் 0/180 ஸ்விட்சை இரண்டு பக்கமும் போட்டுப் பார்த்து, எதில் கனமாகக் கேட்கிறதோ அதில் விடுவதுதான் வழி.

இன்னொன்று, 'ம்ம்ம்' என்ற இரைச்சல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கிட்டார் ஸ்பீக்கர் 50-ஐச் சரியாக வாசிக்காததால் இத்தனை நாள் தப்பித்தேன். சப்வூஃபருக்கு அதுதான் சொந்த வீடு. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டியதும் பெருமளவு அடங்கியது. இதற்காக பிளக்கின் எர்த் பின்னை வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், உயிருக்கே ஆபத்து. அடங்கவில்லை என்றால் நடுவில் ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள்.

எப்போது பயன்படுகிறது?

ஆக்டேவ் பெடலை அழுத்தியதும் கதை மாறியது. அது ஒவ்வொரு ஸ்வரத்தையும் ஒரு ஸ்தாயி கீழே இறக்கிச் சேர்க்கும். 82 பாதியாகி 41 ஆகும். பேஸ் கிட்டாரின் கீழ் E அதுவேதான். 41-லிருந்து 80 வரை ஆம்ப் ஒதுங்கிக்கொள்கிறது, சப்வூஃபர் மட்டும் தனியாக, சீராக வாசிக்கிறது. பேஸ் வாசிக்க ஆள் இல்லாத இரண்டு பேர் குழுவுக்கு இது நிஜமாகவே உதவும். ஏழு கம்பி கிட்டாருக்கும் ஓரளவு நியாயம் உண்டு, அதன் கீழ் B சுமார் 62.

பேஸ் கிட்டாரிஸ்ட் இருந்தால் மட்டும் வேண்டாம். அது அவருடைய இடம். மேடையில் சவுண்ட் பார்ப்பவர்கள் கிட்டார் சேனலில் 80, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுவது இதனால்தான்.

கட்டிலுக்கு வருவோம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடம் கேட்டு, அவர் கட்டிலில் நானே படுத்துக்கொண்டேன். என் வீட்டில் நண்பன் வாசித்தான். ஆம்ப் மட்டும்: லேசாக ஏதோ கேட்டது. சப்வூஃபரோடு, ஆக்டேவ் இல்லாமல்: E மட்டும் மெலிதாக. ஆக்டேவோடு ஒவ்வொரு ஃப்ரெட்டாக ஏறச் சொன்னேன். மூன்றாவது ஃப்ரெட், G. கட்டில் உறுமியது!

வந்து டேப்பை எடுத்து அளந்தேன். என் அறை 12-க்கு 10 அடி. 12 அடி நீளத்தில் முதலில் தேங்கி நிற்கும் அலை சுமார் 48 ஹெர்ட்ஸ். ஒரு ஸ்தாயி இறங்கிய G 49. மூலையில் பெட்டியை வைத்து அதற்குத் தீனி போட்டது நான்.

சுவரும் தடுக்காது. கணக்குப்படி, அதிர்வெண் பாதியாகும்போதெல்லாம் சுவரின் தடுப்பு சுமார் 6 டெசிபல் குறையும். 392 ஹெர்ட்ஸில் இருக்கும் மேல் G-யை விட 49-ல் இருக்கும் இந்த G-க்குச் சுவர் 18 டெசிபல் இளப்பம். பாட்டு இங்கேயே நின்றுவிட, உறுமல் மட்டும் போனது இப்படித்தான். "முட்டை ட்ரே ஒட்டுடா, நின்னுடும்" என்றான் நண்பன். ஏழு மீட்டர் நீள அலையை முட்டை ட்ரே என்ன செய்யும்?

பெட்டியை மூலையிலிருந்து நகர்த்தினேன். ஈக்யூவில் 48-ஐ ஒட்டிக் குறைத்தேன். குறைந்தது, ஆனால் போகவில்லை. மிச்சத்துக்கு எலெக்ட்ரானிக்ஸில் வழியில்லை. அதனால் வாரா வாரம் ஞாயிறு சாயங்காலம் அண்ணனிடம் ஷிஃப்ட் கேட்டு காலண்டரில் குறித்துக்கொள்கிறேன். நைட் என்றால் அந்த வாரம் பகலில் ஹெட்ஃபோன்.

இந்த வாரம் அவருக்கு ஜெனரல் ஷிஃப்ட். பத்து மணிக்கு சப்வூஃபரைப் போடலாம்.