அண்ணனின் பங்குப் பிட்டு

ஆடி அமாவாசையன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் கால் வைக்க இடமிருக்காது. 1990-இல் இலங்கையின் நயினாதீவிலிருந்து படகேறி, மண்டபம் என்னும் ஊர் வழியாகத் திருச்சி கொட்டப்பட்டு அகதி முகாமுக்கு வந்த நாங்களும் அந்தப் படித்துறைக்குப் போவோம். அப்பா தன் பெற்றோருக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பார். போரில் காணாமல்போன அண்ணனின் பெயரைச் சொல்ல மட்டும் அம்மா விடமாட்டார். "உடம்பைக் கண்டனீங்களே?" என்று கேட்பார். ஒவ்வோர் இரவும் அவனுடைய பங்குப் பிட்டை மூடி வைப்பார். விடிந்ததும் அதைக் கொட்டுவது என் வேலை.

புத்தர் என்றாலே எங்களுக்குப் படையினரின் காவலரண் பக்கத்துச் சிலைதான் நினைவுக்கு வரும். அதனால், பள்ளித் தமிழாசிரியை மணிமேகலையைக் கொடுத்தபோது தயங்கித்தான் வாங்கினேன். 1898-இல் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த பௌத்தக் காப்பியம் அது. அதில் வரும் மணிபல்லவம் நயினாதீவுதான் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. 5-ஆம் நூற்றாண்டில் பாலியில் நூல்கள் எழுதிய புத்ததத்தர் திருச்சி உறையூர்க்காரர் என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். அவர் அநுராதபுரத்தில் பயின்றவர். இந்தக் காவிரிக் கரையிலிருந்து எங்கள் தீவுவரை தமிழர் பௌத்தம் வாழ்ந்திருக்கிறது.

காப்பியத்தில் இளவரசன் உதயகுமரன் வெட்டுண்டு இறக்கிறான். அவனைப் பெற்ற அரசி, காப்பியத் தலைவி மணிமேகலையால்தான் மகன் இறந்தான் என்று அவளைப் பழிவாங்கத் துடிக்கிறாள். மணிமேகலை அரசியிடம் கேட்கிறாள்: நீ அழுவது உடலுக்கா, உயிருக்கா? உடலுக்கென்றால் அதைச் சுடுகாட்டுக்கு அனுப்பியது யார்? உயிருக்கென்றால் அது எங்கே பிறந்திருக்கிறதென்று அறிவது அரிது. அந்த உயிர்மேல் அன்பு உண்மையென்றால் எல்லா உயிர்மீதும் இரங்கு.

துன்பத்தின் சங்கிலியைப் பௌத்தம் பன்னிரண்டு சார்புகளாகச் சொல்கிறது. அறியாமையில் தொடங்கும் அதில் வேட்கையும் பற்றும் கண்ணிகள். 'என் பிள்ளை' என்று இறுகுவது பற்று. அதே பாசம் அடுத்த வீட்டுப் பிள்ளையையும் எட்டினால் அது கருணை. அழாதே என்று பௌத்தம் தாயிடம் சொல்லவில்லை.

அரசியிடம் மணிமேகலை பேசும் பகுதியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் இருந்தவர், "அந்த அரசிக்கும் ஒரே மகனோ?" என்று மட்டும் கேட்டார்.

சில நாள் கழித்து, பக்கத்து அறைச் சிறுவன் பசியில் அழுதான். "அண்ணன்ர பங்கை அவனுக்குக் குடு" என்றார் அம்மா. கொடுத்துவிட்டுத் திரும்பினேன். அம்மா அழுதுகொண்டிருந்தார்.

அடுத்த ஆடி அமாவாசையில் அண்ணன் பெயருக்கும் தண்ணீர் இறைத்தோம். அம்மாவும் இப்போது இல்லை. எங்கள் வீட்டில் இன்றும் ஒரு பங்கு பிட்டு கூடுதலாக அவிகிறது. அதை யாரும் மூடி வைப்பதில்லை.