காலிக் குழாய்க்குள் என்ன நடக்கிறது?

ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும் தெருவில், விடியற்காலையில் குழாயைத் திறந்து பாருங்கள். முதலில் 'உஸ்ஸ்' என்று காற்று வரும். பிறகு கலங்கலாக ஒரு குடம். அதற்கப்புறம்தான் தெளிந்த தண்ணீர். அந்தக் கலங்கல் எங்கிருந்து வந்தது?

முதலில் ஓர் ஓட்டைக் குடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குடம் நிறைந்திருக்கும்வரை தண்ணீர் வெளியேதான் பீச்சும். வெளியிலிருந்து எதுவும் உள்ளே நுழையாது. மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் குழாயை நிறைத்து அழுத்தும்போதும் அப்படித்தான். மண்ணுக்கடியில் குழாய் விரிசல் விட்டிருந்தாலும் தண்ணீர் வெளியேதான் கசியும்.

பிறகு வால்வை மூடுகிறார்கள். மிச்சத் தண்ணீர் பள்ளத்து வீடுகளுக்கு இறங்கும்போது, குழாய் இளநீர் ஸ்ட்ராவைப் போல உறிஞ்ச ஆரம்பிக்கிறது. ஸ்ட்ராவில் கீறல் இருந்தால் அதன் வழியே காற்று ஏறும். கீறலைச் சுற்றிச் சாக்கடைத் தண்ணீர் நின்றால் அதுவும் ஏறும். வயிற்றுப்போக்கும் டைபாய்டும் மஞ்சள் காமாலையும் வீட்டுக்குள் வர இது ஒரு வழி. குழாயில் நேராக மோட்டார் வைத்து இழுத்தால் உறிஞ்சல் இன்னும் வலுக்கும்; பக்கத்து வீட்டுக் குழந்தையின் தம்ளருக்கும் சேர்த்துத்தான் அந்த அழுக்கு வருகிறது. குழாய் எப்போதும் நிறைந்திருந்தால் இந்த உறிஞ்சலுக்கு இடமில்லை. ஒடிசாவின் பூரி நகரத்தில் 2021 முதல் 24 மணி நேரமும் தண்ணீர் விடுகிறார்கள், குழாயில் பிடித்து அப்படியே குடிக்கும் தரத்தில்.

அப்படியானால் தண்ணீரில் கலக்கும் குளோரின் எதற்கு? அது ஊறுகாய்க்குப் போடும் உப்பு மாதிரி. ருசிக்கு மட்டுமல்ல, பின்னால் கெடாமல் காக்கவும் சேர்த்தே போடுகிறோம். வீட்டுக் குழாயில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தரக் கணக்கு. ஆனால் வழியில் சாக்கடை கலந்தால் அதோடு மல்லுக்கட்டியே குளோரின் தீர்ந்துவிடும்.

நாளைக்குத் தண்ணீர் வராது. அதனால் டிரம்மில் பிடித்து வைக்கிறோம். இங்கே டெங்கு கொசு காத்திருக்கிறது. அது தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரச் சுவரில் முட்டையிடும். பால் காய்ச்சிய பாத்திரத்தில் ஆடை ஒட்டிக்கொள்கிற மாதிரி முட்டை ஒட்டிக்கொள்ளும். தண்ணீரைக் கொட்டினால் போகாது. காய்ந்து மாதக்கணக்கில் கிடந்தும், தண்ணீர் பட்டால் பொரிக்கும். முட்டை கொசுவாக ஏழெட்டு நாள் போதும். ஆகவே வாரம் ஒருமுறை தேங்காய் நாரை எடுத்து, டிரம்மின் உட்சுவரை, விளிம்புக்குக் கீழிருந்து அடிவரை, அழுத்தித் தேயுங்கள்.