வயிற்றுக்குள் தொடங்கும் தொடைத் தசை

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இடுப்பு எலும்பின் முன்பக்க முனைக்குச் சற்றுக் கீழே இரண்டு விரல்களை வையுங்கள். அந்தப் பக்க முழங்காலை மெல்லத் தூக்கினால், விரலடியில் கயிறு போல ஒரு தசை விறைக்கும். அது சார்டோரியஸ். தொடையைக் குறுக்கே கடந்து முழங்காலின் உட்புறத்துக்குக் கீழே முடிகிற, உடலிலேயே நீளமான தசை. ஆனால் காலைத் தூக்குவதில் பெரும்பங்கு, அதைவிட ஆழத்தில் இருக்கும் சோவாஸ், இலியாக்கஸ் என்ற இரண்டுக்குத்தான்.

சோவாஸ் தொடங்குவது காலில் அல்ல, முதுகுத்தண்டில். கடைசி விலா எலும்பு ஒட்டியிருக்கும் முள்ளெலும்பில் தொடங்கி, அதற்குக் கீழுள்ள 5 இடுப்பு முள்ளெலும்புகளிலும் பிடித்துக்கொண்டு, சிறுநீரகத்தை ஒட்டி, குடலுக்குப் பின்னால் இறங்குகிறது. இடுப்பு எலும்பின் குழிவிலிருந்து வரும் இலியாக்கஸோடு சேர்ந்து, தொடை எலும்பின் உட்பக்கத்தில் ஒரு சிறு முண்டில் முடிகிறது. அதனால்தான் வயிற்றிலும் முதுகிலும் இருக்கும் கோளாறு தொடை இடுக்கில் வலியாக வந்து நிற்கும். அங்கே வலித்தாலே சுளுக்கு என்று நீவிவிட வேண்டாம் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

முதுகெலும்புக் காசநோயை எடுத்துக்கொள்வோம். அங்கே சேரும் சீழ், சோவாஸைச் சுற்றியுள்ள உறைக்குள் புகுந்து, அதன் வழியே கீழே இறங்கித் தொடை இடுக்கில் கட்டியாகத் தலைகாட்டும். பெரும்பாலும் அது சுடாது, சிவக்காது. நாள்பட்ட முதுகுவலி, சாயங்காலக் காய்ச்சல், உடல் மெலிவு என்று மற்ற அடையாளங்களைக் கேட்டால்தான் தெரியும். கட்டியை மட்டும் கீறினால் தீராது. நோய் இருப்பது மேலே. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை சாப்பிட வேண்டும். நம் அரசு மருத்துவமனைகளில் அந்த மாத்திரை இலவசம்.

குடல்வால் அழற்சியிலும் இந்தத் தசை பேசும். குடல்வால் பின்னோக்கி மடங்கி சோவாஸ் மேல் கிடந்தால், நோயாளி வலது காலை மடக்கியே படுத்திருப்பார். இடப்பக்கம் ஒருக்களிக்க வைத்து மருத்துவர் அந்தக் காலைப் பின்னால் இழுத்தால் துடித்துப்போவார். இந்த வலி இல்லை என்பதால் குடல்வால் நோயே இல்லை என்று ஆகிவிடாது.

ரத்தம் எளிதில் உறையாத ஹீமோபீலியா உள்ளவர்களுக்கும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கும் இந்தத் தசைக்குள் ரத்தம் கசியலாம். காலை நீட்ட முடியாது. பக்கத்து நரம்பு அழுந்தினால் தொடையின் முன்பக்கம் மரத்துப்போகும். இது அவசரம், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வளரும் பிள்ளைகள் பந்தை ஓங்கி உதைக்கும்போதோ வேகமாக ஓடும்போதோ, தசை அறுவதற்குப் பதில் அது ஒட்டியிருக்கும் எலும்புத் துண்டே பெயர்ந்து வரலாம். எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும், பெரும்பாலும் சில வாரம் ஊன்றுகோலும் ஓய்வும் போதும். காலை மடக்கி நீட்டும்போது இடுப்பில் கேட்கும் 'டக்' சத்தம், வலி இல்லாதவரை கவலைப்பட வேண்டியதில்லை.

நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்பவர்களின் பயம், தசை இறுகிவிட்டதா என்பது. கட்டிலில் மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். நீட்டிய மற்ற கால் மெத்தையை விட்டு எழும்பினால் அந்தப் பக்கம் இறுக்கம் இருக்கலாம். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் லிவர்பூலில் எலும்பு வைத்தியம் செய்த ஹியூ ஓவன் தாமஸ் பெயரால் இந்தச் சோதனை வழங்குகிறது. இறுக்கம் தெரிந்தால், அந்தப் பக்க முழங்காலைத் தரையில் ஊன்றி, மற்ற காலை முன்னால் வைத்து, முதுகை வளைக்காமல் இடுப்பை மெல்ல முன்னே தள்ளி 30 விநாடி நில்லுங்கள்.