திருவனந்தபுரத்தில் வீட்டு மனை வாங்குகிறீர்களா? ஆவணத்தில் 'நிலம்' என்று இருந்தால் ஏன் உஷாராக வேண்டும்?

நாகர்கோவிலைச் சேர்ந்த ஒருவர் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தினமும் ரயிலில் வந்து போக முடியவில்லை. கழக்கூட்டம் பக்கத்தில் 6 சென்ட் இடம் விலைக்கு வருகிறது. தென்னை நிற்கிறது, பக்கத்திலேயே நாலு வீடு இருக்கிறது. பத்திரம் முடிந்தது, பெயர் மாற்றமும் ஆனது, வரியும் கட்டியாயிற்று. வீடு கட்ட விண்ணப்பித்தபோதுதான், "இது நிலம், இதில் வீடு கட்ட முடியாது" என்று பதில் வருகிறது.

"நிலத்தில் கட்டாமல் வேறு எதில் கட்டுவதாம்?" என்று அவருக்குத் தோன்றும். குழப்பமே அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

'நிலம்' என்றால் கேரளாவில் என்ன அர்த்தம்?

தமிழில் எந்த இடமாக இருந்தாலும் நிலம்தான். ஆனால் கேரள வருவாய்த் துறைப் பதிவேடுகளில் 'நிலம்' என்றால் நெல் வயல். நம்ம ஊர் நஞ்சை மாதிரி. வீடு, தோட்டம் இருக்கும் மேட்டு இடத்துக்கு அங்கே 'புரயிடம்' என்று பெயர். வீடு கட்டப் போகிறவர் தேட வேண்டியது இந்தப் 'புரயிடம்' என்ற சொல்லைத்தான்.

இதை எங்கே பார்க்கலாம்? விற்பவர் காட்டும் பத்திரத்தில் (அங்கே அதை 'ஆதாரம்' என்பார்கள்) 'புரயிடம்' என்று எழுதியிருக்கலாம். அதை மட்டும் நம்பக்கூடாது. வில்லேஜ் ஆபீஸில் உள்ள அடிப்படை வரிப் பதிவேட்டில் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். பல ஆண்டுகளுக்கு முன்பே மண் நிரப்பி, தென்னை வைத்து, வீடு கட்டிய இடங்கள்கூட அந்தப் பதிவேட்டில் இன்னும் 'நிலம்' என்றே இருப்பதுண்டு.

இன்னொரு விஷயமும் உண்டு. 'நிலம்' என்று இருந்தாலும் பத்திரப்பதிவு நடக்கும். 'போக்குவரவு' எனப்படும் பெயர் மாற்றமும் நடக்கும், வரி ரசீதும் கிடைக்கும். எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். கட்டட அனுமதி கேட்கும்போதுதான் சிக்கல் வெளியே வரும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி?

1970-களின் நடுவில் கேரளாவில் சுமார் 8.8 லட்சம் ஹெக்டேரில் நெல் விளைந்தது. 2007-08-ல் அது சுமார் 2.3 லட்சம் ஹெக்டேராகச் சுருங்கியது. இந்தச் சரிவைத் தடுக்கத்தான் 2008-ல் கேரள நெல் வயல் மற்றும் ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 12 முதல் அது அமலில் உள்ளது.

அரிசிக்காக மட்டும் இந்தச் சட்டம் இல்லை. வயல்தான் மழைநீரைத் தேக்கி வைக்கிறது. 2023 அக்டோபரில் பெய்த ஒரே இரவு மழையில் கழக்கூட்டம், டெக்னோபார்க் சுற்றுவட்டாரம் வெள்ளத்தில் மிதந்ததை அங்கிருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

டேட்டா பேங்க் என்பது என்ன?

சட்டம் வந்தபோது எந்தெந்த இடம் வயலாகவோ ஈரநிலமாகவோ இருந்தது என்று ஒவ்வொரு உள்ளாட்சிப் பகுதிக்கும் ஒரு பட்டியல் தயாரிக்கப்பட்டது. அதுதான் டேட்டா பேங்க். உள்ளூர் கிருஷி பவனில், அதாவது வேளாண் அலுவலகத்தில், சர்வே எண்ணைச் சொல்லிப் பார்க்கலாம்.

உங்கள் மனை இந்த நான்கில் எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்:

* பதிவேட்டில் 'புரயிடம்', டேட்டா பேங்கில் இல்லை: இந்தச் சட்டத்தால் தடை இல்லை.

* பதிவேட்டில் 'நிலம்', டேட்டா பேங்கில் இல்லை: 2008-க்கு முன்பே வயலாக இல்லாமல் போன இடம். 50 சென்ட் வரை என்றால் படிவம் 6-ல் விண்ணப்பித்து வகை மாற்றலாம். அதற்கு மேல் என்றால் படிவம் 7.

* டேட்டா பேங்கில் தவறாகச் சேர்ந்துவிட்டது: முதலில் படிவம் 5-ல் விண்ணப்பித்துப் பட்டியலில் இருந்து நீக்க வேண்டும். 2008-ல் அந்த இடம் எப்படி இருந்தது என்று பார்க்க செயற்கைக்கோள் படங்களைக்கூட கேட்பார்கள்.

* உண்மையிலேயே வயல்: வீடு கட்டும் எண்ணத்தில் வாங்கவே வேண்டாம்.

விண்ணப்பத்தின் மீது முடிவெடுப்பவர் ஆர்.டி.ஓ அல்லது அரசு அதிகாரம் அளித்த துணை ஆட்சியர். 25 சென்ட் வரை வகை மாற்றக் கட்டணம் கிடையாது. ஆனால் 2017 டிசம்பர் 30-க்குப் பிறகு பெரிய இடத்தைத் துண்டு போட்டு விற்றிருந்தால் அந்தச் சலுகை கிடைக்காது. "சின்ன பிளாட்தானே, கட்டணம் வராது" என்று புரோக்கர் சொன்னால், அது எப்போது பிரிக்கப்பட்டது என்று கேளுங்கள்.

"சொந்த வீடு கட்ட வயலையும் நிரப்பலாமாமே?"

பாதி உண்மை. அந்த மாவட்டத்தில் வேறு இடமே இல்லாத வயல் உரிமையாளர், நகரப் பகுதியில் 5 சென்ட், பஞ்சாயத்தில் 10 சென்ட் வரை வீட்டுக்காக அனுமதி கேட்கலாம். ஆனால் சட்டம் வந்த பிறகு வயலை வாங்கியவர்களுக்கு இது பொருந்தாது என்று கேரள உயர் நீதிமன்றம் கூறியிருக்கிறது. இப்போது வாங்கப் போகும் உங்களுக்கு இந்த வழி இல்லை.

மீறி மண் அடித்தால்? பழைய நிலைக்கே மாற்ற மாவட்ட ஆட்சியர் உத்தரவிடலாம். 2 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடம் உண்டு.

கட்டட அனுமதி ஆன்லைனில் உடனே கிடைக்குமா?

2024 ஜனவரி 1 முதல் கேரள நகரங்களில் கே-ஸ்மார்ட் என்ற இணைய வசதி செயல்படுகிறது. 300 சதுர மீட்டர் வரையிலான, அதாவது சுமார் 3,200 சதுர அடிக்கு உட்பட்ட சிறிய வீடுகளுக்கு, உரிமம் பெற்ற பொறியாளர் தரும் சுயசான்றை வைத்தே அனுமதி வாங்கலாம். வாரக்கணக்கில் அலைய வேண்டாம்.

ஆனால் 'சுயசான்று' என்றால் நீங்கள் சொல்வதை நம்பித் தருகிறார்கள் என்று அர்த்தம். சொன்னது தவறு என்று பிறகு தெரிந்தால் பொறுப்பு உங்களுடையது. அனுமதி ரத்தாகலாம்.

அனுமதி கிடைத்துவிட்டால் கவலை இல்லையா?

இதற்கு பதில் கொச்சி அருகே மரடில் இருக்கிறது. அங்கே 4 அடுக்குமாடி வளாகங்களுக்கு உள்ளாட்சி அமைப்பு அனுமதி கொடுத்திருந்தது. மக்கள் பணம் கட்டிக் குடியேறினார்கள். ஆனால் அவை கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளை மீறியவை என்று 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நான்கும் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. உரிமையாளர்களுக்கு இடைக்கால இழப்பீடாகத் தலா 25 லட்சம் ரூபாய் வரை வழங்க நீதிமன்றம் உத்தரவிட்டது.

கோவளம், விழிஞ்ஞம், சங்குமுகம் போன்ற கடலோரப் பகுதிகளிலும், காயல் கரையிலும் இடம் பார்ப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே 2-ல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பிறகு, 'துறைமுகம் பக்கத்தில்' என்ற விளம்பரத்தை மட்டும் பார்த்து அவசரப்பட வேண்டாம். விமான நிலையத்தைச் சுற்றியுள்ள இடமென்றால் கட்டட உயரத்துக்கும் கட்டுப்பாடு உண்டு.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் என்ன பண்ணணும்?

1. வில்லேஜ் ஆபீஸில் அடிப்படை வரிப் பதிவேட்டைப் பாருங்கள். 'புரயிடமா', 'நிலமா'?

2. கிருஷி பவனில் டேட்டா பேங்கில் சர்வே எண் இருக்கிறதா என்று கேளுங்கள்.

3. வகை மாற்றம் ஏற்கெனவே நடந்திருந்தால், அந்த உத்தரவின் நகலை வாங்குங்கள். "விண்ணப்பம் போட்டிருக்கு" என்பது உத்தரவு ஆகாது.

4. வில்லங்கச் சான்றும், முந்தைய பத்திரங்களும் எடுத்து வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

5. கடலோரம், காயலோரம் என்றால் கடலோர மண்டல வரைபடத்தில் இடம் எங்கே வருகிறது என்று சரிபாருங்கள்.

6. அடுக்குமாடி வீடு என்றால், திட்டம் கேரள ரெரா ஆணையத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்திலோ, 8 வீடுகளுக்கு மேலோ கட்டி விற்கும் திட்டங்களுக்குப் பதிவு கட்டாயம்.

விற்பவர் அவசரப்படுத்தினால், வகை மாற்ற உத்தரவு வந்த பிறகே மீதிப் பணம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், அந்த இடத்தை விட்டுவிட்டு வேறு இடம் பார்ப்பதே நல்லது.